ரேடியேஷன் குறைந்த கார் தேடுகிறீர்களா? கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாங்கும் வழி

"டச் ஸ்கிரீன் இல்லாத வண்டியா? அதை யாருங்ணா இப்பக் கேக்கறாங்க!" கோவை அவிநாசி ரோட்டிலும் ஈரோடு பெருந்துறை ரோட்டிலும் எந்தக் கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) ஏறினாலும் முதலில் இந்தப் பதில்தான் வரும். மைலேஜ் கேட்டால் சொல்வார்கள், கிலோமீட்டர் கேட்டால் சொல்வார்கள். வண்டிக்குள் சிம் இருக்கிறதா, பேட்டரி வயர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அலை குறைந்த கார் என்று எழுதி எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. நாமேதான் பார்த்து, அளந்து, ஒதுக்கி எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்காகத் தேடினோம். புது மாடல் வண்டிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே தலை கனக்கிறது என்பார். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் படும் தொந்தரவு நிஜம்தான், ஆனால் அதற்கு மின்காந்த அலைதான் காரணம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2005லேயே சொல்லிவிட்டது. புது பிளாஸ்டிக் வாடைக்கும் ஏசிக் காற்றுக்கும்கூடத் தலை வலிக்கும். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள், கார் அதற்குப் பிறகு. எப்படியும் ஒரு வண்டி வாங்கத்தான் போகிறோம், அதில் அலை குறைவாக இருந்தால் தேவலை என்று நினைப்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

1. எதைக் குறைக்கப் போகிறீர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்களை எல்லோரும் 'ரேடியேஷன்' என்ற ஒரே பேரில் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, வயர்லெஸ். புளூடூத், வைஃபை, வண்டிக்குள் இருக்கும் 4ஜி சிம், சாவி இல்லாமல் திறக்கும் கீலெஸ் என்ட்ரி, டயரில் காற்றழுத்தம் சொல்லும் சென்சார், முன்னால் போகிற வண்டியைப் பார்க்கும் 77 கிகா ஹெர்ட்ஸ் ரேடார். இரண்டாவது, மின்சாரம் ஓடும் இடத்தில் உண்டாகும் காந்தப் புலம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், பேட்டரி வயர், ஏசி புளோயர் மோட்டார், பவர் ஸ்டீரிங் மோட்டார், பெட்ரோல் பம்ப், இவற்றோடு சுற்றும் டயரும் சேர்த்தி (டயர் ஏன் என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன்). முதல் வகையை வாங்கிய பிறகும் பெரும்பாலும் அணைக்கலாம். இரண்டாவதை அணைக்க முடியாது. அது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டாத பொருட்களும் உண்டு. ஜி.பி.எஸ். மேப்பும் எஃப்.எம். ரேடியோவும் அலையை வாங்குபவை, அனுப்புபவை அல்ல. பின்பக்கப் பார்க்கிங் சென்சார் வேலை செய்வது ஒலியில். ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்குள் பேட்டரியே கிடையாது. கணியூர், விஜயமங்கலம் டோலில் ரீடரின் அலை மேலே பட்டால் மட்டும் பதில் சொல்லும், மற்ற நேரம் அது வெறும் ஸ்டிக்கர்.

2. மீட்டர்: எது வேண்டும், எதை நம்பக் கூடாது

மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் 'இ.எம்.எஃப். டிடெக்டர்' ஆப்களை நம்பி யாரும் வண்டியை முடிவு செய்ய வேண்டாம். அவை போனுக்குள் இருக்கும் திசைகாட்டிச் சென்சாரைத்தான் படிக்கின்றன. வைஃபை, புளூடூத் எதுவும் அதற்குத் தெரியாது.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். டிரைஃபீல்டு டி.எஃப்.2 போன்ற இறக்குமதி மீட்டர் வரியெல்லாம் சேர்ந்து இருபதாயிரத்தை ஒட்டிப் போய்விடும். ஒரு காருக்காக வாங்குவது அதிகம்தான், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் எல்லை உண்டு. காந்தப் புலத்தில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பார்க்காது, வயர்லெஸ்ஸில் 6 கிகா ஹெர்ட்ஸுக்கு மேலே பார்க்காது. அதாவது டயரும் தெரியாது, ரேடாரும் தெரியாது.

மீட்டரோடு இன்னும் இரண்டு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்னத் திசைகாட்டி ஒன்று, மீடியம் வேவ் எடுக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று.

3. எந்த வருஷம், எந்த மாடல்

"பழைய டீசல் அம்பாசிடர் வாங்குங்க, அதுல ஒண்ணுமே இல்லை" என்று யோசனை சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். உண்மைதான், அந்தக் காலத்து டீசலில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஏர்பேகும் கிடையாது. செங்கப்பள்ளி தாண்டி ஆறுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அம்மாவை அதில் உட்கார வைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. நிரூபணமாகாத ஆபத்துக்குப் பயந்து நிரூபணமான ஆபத்தில் போய் உட்காரக் கூடாது.

என் கணக்கு இது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கட்டாயம். அந்த ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். சிம் உள்ள 'கனெக்டட்' கார்கள் நம் சாதாரண விலை வண்டிகளில் பரவத் தொடங்கியதும் அதே 2019தான், ஹூண்டாய் வென்யூவும் எம்.ஜி. ஹெக்டரும் வந்த வருஷம். ஆனால் அந்த வசதி முதலில் மேல் வேரியண்ட்டுகளுக்குத்தான் போனது. ஆக, 2019 ஜூலைக்குப் பிறகு வந்த சின்னக் காரின் பேஸ் மாடலைத் தேடுங்கள். ஏர்பேக் இருக்கும், ஏ.பி.எஸ். இருக்கும், சிம் இருக்காது, சாவி போட்டுத் திருகும் வண்டியாக இருக்கும். டாப் எண்ட் வேண்டாம் என்பதால் விலையும் குறையும். நமக்குச் சாதகமாக அமைந்த ஒரே விஷயம் இதுதான்.

ஆம்னியும் ஈகோவும் எளிமையான வண்டிகள், அதனால் நல்லது என்று பலர் சொல்வார்கள். அவற்றில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரும் இக்னிஷனும் இடுப்புக்குக் கீழே ஓடும். வயர்லெஸ்ஸில் முதல் மார்க், காந்தப் புலத்தில் கடைசி பெஞ்ச்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வேண்டாம் என்பது என் முடிவு. பேட்டரி ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், நடுவே தரைக்கடியில் வயர். மின்சாரக் காரில் நினைத்த அளவுக்குப் புலம் இருப்பதில்லை, பொதுவாகச் சர்வதேச வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும். வேகமாக மிதிக்கும்போதும் பிரேக் போடும்போதும் கால் பக்கம் ஏறும். ஆனால் சிம்மும் ஆப்பும் இல்லாத மின்சாரக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு.

4. கன்சல்டிங்கில் கேட்க வேண்டியவை

'ரேடியேஷன்' என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும், விலையும் இறங்காது. நேரான கேள்விகள் போதும்:

- வண்டிக்கு மொபைல் ஆப் உண்டா? கண்ணாடிக்கு மேலே எஸ்.ஓ.எஸ். பட்டன் இருக்கிறதா? இருந்தால் உள்ளே சிம் இருக்கிறது. சந்தா முடிந்துவிட்டது என்பார்கள், அதனால் மோடம் அணைந்துவிட்டது என்று ஆகாது.
- புஷ் ஸ்டார்ட்டா, சாவியா?
- ஸ்டீரியோ கம்பெனியோடு வந்ததா, வெளியில் போட்டதா? வெளியில் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வைஃபை, புளூடூத் இரண்டையும் எப்போதும் விழிப்பாகவே வைத்திருக்கும். நல்ல வேளை, பின்னால் ஒரு கப்ளரைப் பிடுங்கினால் ஒழிந்தது.
- முன்பு மஞ்சள் போர்டாக ஓடியதா? வாடகை வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்பதால், வெள்ளை போர்டுக்கு மாற்றிய பிறகும் அந்தப் பெட்டி உள்ளே கிடக்கலாம்.

5. அளக்கும் முறை

இடம் முக்கியம். கன்சல்டிங் வாசலில் அளந்து பயனில்லை, சுற்றிலும் டவரும் வைஃபையும்தான். விசைத்தறி ஓடும் தெரு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், ஹைடென்ஷன் கம்பிக்கு அடியில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். நம் பக்கம் தோட்டத்து வழிகளுக்கு மேலேயே அந்தக் கம்பிகள் போவதால் அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். வாய்க்கால் கரையோ தென்னந்தோப்பு ஓரமோ நல்லது. டெஸ்ட் டிரைவுக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள். "வண்டியை எங்க மெக்கானிக்கு ஒரு தடவை காட்டிட்டு வந்தர்றனுங்க" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், கூட ஒரு பையனை அனுப்புவார்கள்.

அந்தப் பையனுடைய போனையும் சேர்த்து எல்லாப் போனையும் ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். ஏரோப்ளேன் மோடு என்று சொல்லிவிட்டுப் புளூடூத்தை விட்டுவிடுவார்கள். பிறகு இந்த வரிசை:

முதலில் வண்டிக்கு வெளியே பத்தடி தள்ளி மீட்டரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்த இடத்தின் அடிப்படை அளவு. அடுத்து உள்ளே, சாவி போடாமல். பிறகு சாவியை ஆன் வரை மட்டும். பிறகு எஞ்சின் ஓட. பிறகு ஹெட்லைட், ஏசி, புளோயர் ஒன்றிலிருந்து நாலு வரை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சீட்டிலும் தலை, நெஞ்சு, கால் மூன்று உயரத்திலும் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எந்தப் பொருளைத் தட்டினால் எண் ஏறுகிறது என்பது இப்படித்தான் தெரியும்.

மீட்டரைக் கையில் பிடித்து ஆட்டக் கூடாது. பூமிக்கே நம் பக்கம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா காந்தப் புலம் உண்டு. மீட்டர் அதற்குள் திரும்பினாலே எண் குதிக்கும். ஓடும் வண்டியில் பார்ப்பதானால் சீட்டில் துண்டை மடித்து அதன் மேல் அசையாமல் வையுங்கள், நேர் ரோட்டில் மட்டும் படியுங்கள்.

எங்கே அதிகம் எதிர்பார்க்கலாம்? நம் ஊர்க் கார்களில் புளோயர் மோட்டார் இடது முன் சீட்டுக்காரர் முழங்காலுக்கு எதிரே இருக்கும். ஸ்டீரிங் தண்டிலேயே மோட்டார் வைத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் என்றால் டிரைவர் முழங்கால் பக்கம். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் வண்டிகளில் டேங்கும் பம்பும் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில். நாலு சீட்டும் ஒன்றுபோல் இருக்கவே இருக்காது. யாருக்காக வாங்குகிறீர்களோ அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு இருந்தால் சரி? 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 2010 முதல் 200 மைக்ரோ டெஸ்லா, அதாவது 2000 மில்லி காஸ். எந்தக் காரும் அதன் கிட்டேகூட வராது. இன்னொரு பக்கம், வீடுகளில் சராசரி 3 முதல் 4 மில்லி காஸுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோயோடு ஒரு பலவீனமான தொடர்பு புள்ளிவிவரங்களில் தெரிந்தது. அதை வைத்துத்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த வகைக் காந்தப் புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வரிசையில் சேர்த்தது. 2011இல் ரேடியோ அலையும் அதே வரிசைக்கு வந்தது. நான் நெஞ்சு உயரத்தில் 3 மில்லி காஸ் என்று கோடு போட்டுக்கொண்டேன். அது பாதுகாப்பு எல்லை அல்ல, எங்கேயாவது நிறுத்தவேண்டுமே என்பதற்காக வைத்த கோடு.

டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து டேஷ்போர்டு ஓரமாக நகர்த்திப் பாருங்கள். மலிவான மொபைல் சார்ஜர், வெளியில் போட்ட எல்.இ.டி. லைட், கெட்டுப்போன ஆல்டர்னேட்டர் எல்லாம் கொய்யென்று சத்தம் போடும். எஞ்சின் வேகத்தோடு சத்தமும் ஏறினால் ஆல்டர்னேட்டர் அல்லது இக்னிஷன் பக்கம் பாருங்கள்.

6. டயரை மறந்துவிடாதீர்கள்

ரேடியல் டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வலை நாளடைவில் காந்தமாகிவிடும். சக்கரம் சுற்றும்போது அந்தக் காந்தமும் சுற்றும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் கார் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு சுற்று வரும். மீட்டருக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கண் தெரியாது என்றேனே, அதனால்தான் இது தப்பித்துக்கொள்கிறது. பின் சீட்டு பின் சக்கரத்தை ஒட்டியிருக்கும் சின்னக் கார்களில் இது அதிகமாகவே படும்.

இதற்குத்தான் திசைகாட்டி. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு ஒரு சாண் தள்ளித் திசைகாட்டியை வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பக்கத்தில் இரும்பு இருப்பதால் முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பரவாயில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற முள்ளும் இப்படியும் அப்படியும் ஆடினால் அந்த டயர் காந்தமாகியிருக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கும்போது வண்டியைக் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பெட்டி டி.வி. காலத்தில் திரையில் கலர் திட்டு விழுந்தால் மெக்கானிக் ஒரு வட்டக் காயிலைச் சுற்றிக் காட்டுவாரே, காந்தத்தை நீக்கும் அந்த டீகாஸிங் காயிலேதான். பழைய டி.வி. மெக்கானிக் யாரிடமாவது இன்னும் இருக்கும். கோயமுத்தூரில் டூல் ரூம்களில் அதே வேலை செய்யும் டீமேக்னடைசரும் வைத்திருப்பார்கள். சக்கரத்தைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். காயிலை டயரைச் சுற்றிக் காட்டி, மெல்லப் பின்வாங்கிய பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும். கிட்டத்தில் வைத்தே அணைத்தால் முன்னைவிட மோசமாகிவிடும். கொஞ்ச காலத்தில் திரும்ப ஏறலாம், டயர் மாற்றும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஒளிந்திருக்கும் டிராக்கர்

பழைய கார்களில் இது சாதாரணம். ஃபைனான்ஸ்காரர் போட்டது, பையன் எங்கே போகிறான் என்று பார்க்க அப்பா போட்டது, எல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் கிடக்கும். உள்ளே சிம் இருக்கும், வண்டி நின்றாலும் வேலை செய்யும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப் போய், வண்டியை அணைத்துப் பூட்டி அரைமணி கழித்துப் பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வழக்கத்துக்கு மேல் போனால் ஃபியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ஸ்டீரிங்குக்குக் கீழே மெக்கானிக் கருவி மாட்டிப் பார்க்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஏதாவது செருகியிருக்கிறதா, டேஷ் கேமராவில் வைஃபை ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

ஏர்பேக் வயர் பக்கம் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வாரண்டி மிச்சம் உள்ள வண்டியில் சிம் மோடத்தின் ஃபியூஸைப் பிடுங்கினால் வாரண்டியில் பிரச்சினை வரும், அதே ஃபியூஸில் வேறு ஏதாவதும் ஓடலாம். அதனால்தான் சிம் இல்லாத வண்டியே மேல் என்கிறேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால், வண்டிக்குள் பெரிய அலை நம் வீட்டு ஆட்களின் போன்தான். டவர் எட்டாத இடத்தில் போன் முழுப் பலத்தோடு கத்தும். திம்பம் ஏறும்போதும் வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் அணைத்துவிடுங்கள். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஏரோப்ளேன் மோடிலும் வழி காட்டும்.

8. பேப்பர்

- ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஒத்துப் பாருங்கள். இ-சலான் பாக்கி இருந்தால் விற்பவரே கட்டட்டும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு.
- பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30. உங்கள் முகவரிச் சான்று, பான் கார்டு, போட்டோ. கடன் இருந்த வண்டி என்றால் ஃபாரம் 35உம் பேங்க் என்.ஓ.சி.யும். "லோன் முடிஞ்சிருச்சுங்க, என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துரும்" என்றால் பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள்.
- விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். காருக்கு மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், மாநிலச் சேவைக் கட்டணம் தனி. புரோக்கர் கேட்பது இதைப் போலப் பல மடங்கு இருக்கும். எதற்கெல்லாம் என்று பிரித்துக் கேளுங்கள்.
- இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) விற்றவருடையது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.
- பாலக்காட்டு கே.எல். 09 வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்கே ஃபாரம் 28 போட்டு என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்டி, மறு பதிவு செய்து, பழைய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பேஸ் மாடலுக்கு அந்த லாபம் தேறாது.
- என் பேச்சைக் கேட்காமல் பழைய வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு: 15 வருஷம் முடிந்தால் ஃபாரம் 25 போட்டு வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி வேறு. தாமதித்தால் மாதம் 500. முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம்.

9. நாளும் செலவும்

அவசரப்பட்டால் கிடைக்காது. தேடுவதற்கே ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள். பேஸ் மாடலைக் கன்சல்டிங்காரர்கள் முன்வரிசையில் நிறுத்துவதில்லை, ஸ்டாக்கில் வந்தால் போன் பண்ணச் சொல்லிவிட்டு வர வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கும் மெக்கானிக்குக்கும் சேர்த்து இரண்டாயிரம், மூன்றாயிரம் எடுத்து வையுங்கள். டயர் வேலைக்குக் காயில் வைத்திருப்பவர் மனசுதான் விலை. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது 'டிராக்கர், சிம் கருவி ஏதும் இல்லை, பிறகு கண்டுபிடித்தால் அகற்றித் தரப்படும்' என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்ச் சொல்லாக எத்தனை தடவை தலையாட்டினாலும் காகிதத்தில் எழுதும்போதுதான் யோசிப்பார்கள்.

பெயர் மாறிய ஆர்.சி. கார்டு தபாலில் வந்ததும் ஃபாஸ்டேக் புதிதாக வாங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்பதால் விற்றவர் பழையதை மூடியாக வேண்டும், அதை அவர் மறந்துவிடுவார், நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். நடுவில் டேக் இல்லாமல் டோலுக்குப் போனால் கட்டணம் கூடும். 2025 நவம்பர் 15இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு.